தப்பாக வரைந்த ஸ்டாம்புகள்: கண்டுபிடிப்பது எப்படி, என்ன விலைக்கு வாங்குவது

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தே கண்ணாடி தடித்தவன் நான். காலண்டரோ, தீப்பெட்டி லேபிளோ, கல்யாணப் பத்திரிகையோ, எது மேசைக்கு வந்தாலும் அதில் என்ன தப்பு என்றுதான் முதலில் கண் போகும். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை, ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு இடம் மாறிவிட்டது. இப்போது என்னிடம் இருப்பதில் முக்கால்வாசி தப்பாக வரையப்பட்ட ஸ்டாம்புகள்தான். உலகம் முழுக்கப் பேசப்பட்ட பல ஸ்டாம்புகளை இந்த வகையில் பரோட்டா சால்னா விலைக்கு வாங்கலாம். அதே ஸ்டாம்பை ‘அபூர்வப் பிழை’ என்று கவரில் எழுதி ஆயிரக்கணக்கில் விற்கிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஏமாறாமல் எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிறேன்.

அச்சுப் பிழை வேறு, வடிவமைப்புப் பிழை வேறு. இதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் பணம் போகும். 1854-ல் கல்கத்தாவில் அச்சான நாலணா ஸ்டாம்பில் சிவப்புச் சட்டத்தை ஒரு முறையும் விக்டோரியா ராணியின் நீலத் தலையை இன்னொரு முறையும் அச்சடித்தார்கள். இடையில் சில தாள்கள் திரும்பிப் போனதில் ராணி தலைகீழானார். 1918-ல் அமெரிக்காவில் விமானம் தலைகீழாக அச்சான 24 சென்ட் ஸ்டாம்பும் அதே கதைதான். வெளியே வந்தது ஒரே ஒரு தாள், 100 ஸ்டாம்ப். இவை மெஷினில் நடந்த தப்புகள். சில தாள்களோடு நின்றுவிடும், அதனால் அபூர்வம்.

வடிவமைப்புப் பிழை மெஷினுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஓவியர் தப்பாக வரைந்தார், அதிகாரி கையெழுத்துப் போட்டார், அச்சுத் தகடு தயாரானது. அப்புறம் அச்சான ஒவ்வொரு ஸ்டாம்பிலும் அந்தத் தப்பு இருக்கும். லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில். எனவே ‘டிசைன் எரர், அதனால் ரேர்’ என்று யாராவது சொன்னால் அந்த ‘அதனால்’ அங்கே பொருந்தாது. தப்பை யாரோ சீக்கிரம் பார்த்து, விற்பனையை நிறுத்தியிருந்தால்தான் அது அபூர்வமாகும்.

விலை சொல்கிறவரிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. தப்பு எப்போது தெரிந்தது? தெரிந்ததும் என்ன செய்தார்கள்?

சீனாவில் 1968-ல் வந்த 8 ஃபென் ஸ்டாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி, விவசாயி, படைவீரர், பின்னால் சிவப்பில் சீன வரைபடம். தைவான் மட்டும் சிவப்பாக இல்லை. வெளியான அன்றே திரும்பப் பெற உத்தரவு போனது. அதற்குள் சில அஞ்சலகங்களில் விற்றவை மட்டும் தப்பித்தன. இன்று அது பெரிய ஏலங்களில் விலைபோகும் ஸ்டாம்ப். இது நிஜமாகவே அபூர்வம், அதனாலேயே போலிகளும் அதிகம். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள்.

இதற்கு நேர்மாறு அமெரிக்காவின் சுதந்திர தேவி. 2010 டிசம்பரில் வந்த அந்த ஸ்டாம்பில் இருப்பது நியூயார்க் துறைமுகத்துச் சிலை அல்ல, லாஸ் வேகாஸ் ஹோட்டல் வாசலில் நிற்கும் நகல். கிரீடத்தின் நடு முள்ளில் சின்னதாக ஒரு செவ்வக ஒட்டு தெரியும், அசலில் அது கிடையாது. ஒரு சேகரிப்பாளர் இதைக் கண்டுபிடித்தது 2011 மார்ச்சில். தப்பு தெரிந்த பிறகும் அமெரிக்க அஞ்சல்துறை உடனே விற்பனையை நிறுத்தவில்லை. கடைசியில் விற்றது ஏறத்தாழ 490 கோடி. நகலைச் செய்த சிற்பி வழக்குப் போட்டு, 2018-ல் அவருக்கு 35 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பானது. சிற்பிக்குக் கிடைத்தது கிடைத்தது, ஸ்டாம்ப் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. இதை வாங்கலாம், ஆனால் அசல் விலைக்கு மேல் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

இரண்டுக்கும் இடையில் ஒரு ரகம் உண்டு. 1994-ல் அமெரிக்கா வெளியிட இருந்த ‘மேற்கத்திய நாயகர்கள்’ தாளில் கௌபாய் பில் பிக்கெட் படத்துக்குப் பதிலாக அவருடைய சகோதரர் பென் பிக்கெட்டின் படம் வந்துவிட்டது. குடும்பத்தார் சொன்ன பிறகு தாள்களைத் திரும்பப் பெற்றுச் சரியான படத்தோடு மறுபடி அச்சடித்தார்கள். முன்பே சில தாள்கள் விற்றுப் போயிருந்ததால், அவற்றை வாங்கியவர்களுக்கு மட்டும் லாபமாகக் கூடாது என்று 1,50,000 தப்புத் தாள்களைச் சேகரிப்பாளர்களுக்குக் குலுக்கலில் விற்றார்கள். இது 1962-லேயே பழகிய வழிதான். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷீல்ட் நினைவு ஸ்டாம்பில் மஞ்சள் நிறம் தலைகீழாக விழுந்து ஒரு தாள் வெளியே போனது தெரிந்ததும், அமெரிக்க அஞ்சல்துறைத் தலைவர் அதே தப்போடு 4 கோடி ஸ்டாம்ப் வேண்டுமென்றே அச்சடிக்கச் சொன்னார். ஒரு தாள் வைத்திருந்தவரின் அதிர்ஷ்டம் அத்தோடு முடிந்தது. (இது அச்சுப் பிழைதான். ஆனாலும் அரசாங்கம் நினைத்தால் அபூர்வத்தை ஒரே வாரத்தில் சாதாரணமாக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.)

சரி, தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ப்ரூஃப் பார்க்கிறவன் படத்தை ரசிக்கக் கூடாது. ரசித்தால் கண் ஏமாறிவிடும். முதலில் எழுத்து, பிறகு எண், பிறகு இடம் வலம், பிறகு கைகால், கடைசியில்தான் முழுப் படம். ஸ்டாம்பிலும் எனக்கு அதே வரிசை.

எழுத்தில் பிடிபடும் தப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இலங்கை 1952-ல் வெளியிட்ட 35 சதம் ஸ்டாம்ப், நட்சத்திர ஆர்க்கிட் மலர் படம் போட்டது. அதன் தமிழ் வரியில் ஓர் எழுத்துக்கு மேல் புள்ளி விட்டுப்போயிருக்கும். 1954-ல் புள்ளி வைத்து மறுபடி அச்சடித்தார்கள். ஸ்டாம்புகளை விலையோடு பட்டியலிடும் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக் இதை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிக்கிறது. வெள்ளைக்காரச் சேகரிப்பாளருக்கு அது அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டிய ஒரு புள்ளி. நாம் வாசித்தாலே தெரிந்துவிடும். இதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அஞ்சலகத்தில் குத்தும் முத்திரை அந்த வரியின் மேல் விழுந்திருந்தால் எந்த வகை என்று சொல்லவே முடியாது. பயன்படுத்திய ஸ்டாம்ப் வாங்கினால் தப்பு இருக்கும் இடத்தில் மை படாததாகப் பொறுக்குங்கள். இது எல்லா வடிவமைப்புப் பிழைக்கும் பொருந்தும்.

பாகிஸ்தான் 1961-ல் பைசா முறைக்கு மாறியபோது வந்த 1, 2, 5 பைசா ஸ்டாம்புகளில் வங்காள எழுத்தில் ‘பாகிஸ்தான்’ என்பது ‘ஷாகிஸ்தான்’ என்று விழுந்துவிட்டது. பிறகு திருத்தினார்கள். வங்காளம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. திருத்திய ஸ்டாம்பைப் பக்கத்தில் வைத்து முதல் எழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும். மூன்றும் மலிவு. பிரான்ஸ் 1937-ல் தத்துவஞானி தெகார்த்தின் நூலின் 300-ஆம் ஆண்டுக்கு விட்ட 90 சாந்தீம் ஸ்டாம்பில் நூலின் பெயரில் ‘த’ என்று வர வேண்டிய இடைச்சொல் ‘சுர்’ என்று வந்தது. அதையும் திருத்தி இன்னொன்று விட்டார்கள். தத்துவ நூலின் அட்டையையே தப்பாக எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அடுத்தது இடம் வலம். பிலிமில் எமல்ஷன் (ரசாயனப் பூச்சு) பக்கம் எது, பின்பக்கம் எது என்று பார்க்காமல் புரட்டிப் போட்டால் படம் மாறி விழும். ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் ஊறியது. பிள்ளையார் காலண்டரில் இடம்புரித் தும்பிக்கை வலம்புரியாகிவிட்டால், ஆயிரக்கணக்கில் அடித்த பிறகு ஆர்டர் கொடுத்த அண்ணாச்சி நம்மைச் சும்மா விடுவாரா? இந்தியாவின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பிழை இந்த வகைதான். 1949 ஆகஸ்ட் 15 அன்று சிற்பங்களும் கோயில்களும் கொண்ட வரிசை ஒன்று வெளியானது. அதில் நீலப்பச்சை நிறத்தில் ஒரு அணா ஸ்டாம்ப், போதிசத்துவர் சிலை. படம் இடவலம் மாறிவிட்டதால் சிலையின் இடது கை நீண்டிருக்கும். 1950-ல் திருத்தி, வலது கை நீண்டிருப்பதுபோல் மறுபடி விட்டார்கள். சிலையின் கை என்று சொல்கிறேன், உங்கள் கைப்பக்கம் அல்ல. கடையில் நின்று பார்க்கும்போது பலருக்கும் இதில்தான் குழப்பம் வரும். சிலை இருக்கும் நிலையில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கையை நீட்டிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

1999-ல் அமெரிக்கா கிராண்ட் கேன்யன் ஸ்டாம்பில் இதைவிடப் பெரிய கூத்து நடத்தியது. 60 சென்ட் ஸ்டாம்ப், ‘கிராண்ட் கேன்யன், கொலராடோ’ என்று போட்டு 10 கோடி அச்சடித்துவிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கு இருப்பது அரிசோனாவில். அவ்வளவையும் அழித்து, பெயரைத் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். 2000 ஜனவரியில் வெளியே வந்த பிறகு பார்த்தால், இந்தத் தடவை படம் இடவலம் புரண்டிருந்தது. எழுத்தைத் திருத்தும்போது படத்தை யாரும் பார்க்கவில்லை. இது எல்லா அச்சகத்திலும் நடப்பதுதான்: ஒரு தப்பைத் திருத்தக் கொடுக்கும் ப்ரூஃபில் எல்லாரும் அந்த ஒரு இடத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். ஸ்டாம்பிலும் ‘திருத்திய பதிப்பு’ என்று யாராவது காட்டினால் மற்ற இடங்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள்.

மாறியிருப்பதெல்லாம் தப்பு என்று குதித்துவிடவும் கூடாது. நடராஜர் இடது காலைத் தூக்கித்தான் ஆடுவார். வலது காலைத் தூக்கியிருந்தால், அவர் மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவரா என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

கைகால் பார்ப்பதில் சின்னப் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மொனாக்கோ 1947-ல் வெளியிட்ட ஸ்டாம்பில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தன் ஸ்டாம்ப் ஆல்பத்தோடு உட்கார்ந்திருப்பார். நான் பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் என் அக்கா பேத்தி, “தாத்தா, இவருக்கு ஆறு விரல்!” என்றாள். உண்மைதான், இடது கையில் ஆறு.

அப்புறம் காலமும் இடமும். செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் 1903-ல் விட்ட ஸ்டாம்பில் கொலம்பஸ் தொலைநோக்கி வழியாகக் கரையைப் பார்க்கிறார். அவர் இறந்தது 1506, தொலைநோக்கி வந்தது அதற்கு 100 ஆண்டு கழித்து. அமெரிக்காவின் 1893 கொலம்பஸ் வரிசையில் 1 சென்ட்டில் கரையைக் காணும்போது முகத்தில் மயிரே இல்லை, 2 சென்ட்டில் கரை இறங்கும்போது முழுத் தாடி. ஒரே ஸ்டாம்பை மட்டும் பார்த்தால் இது தெரியாது, வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 1932-ல் பக்சன்ஹான் அருவி என்று போட்ட 18 சென்டாவோ ஸ்டாம்பில் விழுவது கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இருக்கும் வெர்னல் அருவி. இந்த மாதிரித் தப்பைப் பிடிக்க அந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும். எனவே உங்களுக்கு எது தெரியுமோ அதில் ஆரம்பியுங்கள். பறவை தெரிந்தவர் பறவை, ரயில் தெரிந்தவர் ரயில், சங்கீதம் தெரிந்தவர் சங்கீதம். கிழக்கு ஜெர்மனி 1956-ல் இசையமைப்பாளர் ஷூமான் நினைவாக விட்ட 10, 20 ஃபெனிக் ஸ்டாம்புகளில் பின்னணியில் இருந்தது இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டின் இசைக்குறிப்பு. அது தெரிந்ததும் அதே ஆண்டில் ஷூமானின் குறிப்பைப் போட்டு இன்னொரு ஜோடி விட்டார்கள். எனக்கு இசைக்குறிப்பு வாசிக்க வராது. கேட்லாக் படத்தையும் ஸ்டாம்பையும் அருகருகே வைத்துக் கோடு கோடாக ஒப்பிட்டுத்தான் பிரித்தேன்.

கதைகளைச் சட்டென்று நம்பாதீர்கள். 1847-ல் மொரீஷியசில் ஜோசப் பர்னார்ட் செதுக்கிய முதல் ஸ்டாம்புகளில் ‘போஸ்ட் பெய்ட்’ என்பதற்குப் பதில் மறதியில் ‘போஸ்ட் ஆபீஸ்’ என்று செதுக்கிவிட்டார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் உலவுகிறது. அந்தக் காலத்து அஞ்சல் முத்திரைகளில் ‘போஸ்ட் ஆபீஸ்’ சாதாரணமாகப் புழங்கிய சொல்தான். ஆய்வாளர்கள் அந்த மறதிக் கதையை எப்போதோ தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு மதிப்பிலும் 500 மட்டுமே அச்சானதால்தான் அதற்கு அவ்வளவு பெரிய விலை. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. 10 மடங்கு லென்ஸ், முனை தட்டையான ஸ்டாம்ப் சாமணம், ஸ்டாம்புகளைச் செருகி வைக்கும் ஒரு ஸ்டாக் புக், நல்ல வெள்ளை வெளிச்சம். கேட்லாக்கைப் புதிதாக வாங்காதீர்கள். வடிவமைப்பு மாறவில்லை, விலை மட்டும்தான் மாறியிருக்கும், அதனால் பழைய பதிப்பே போதும். பிரிட்டிஷ் நாடுகளுக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ், ஜெர்மனிக்கு மிஷெல், அமெரிக்காவுக்கு ஸ்காட். படத்தையும் விலையையும் தாண்டி, வரிசைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளை வாசியுங்கள். ‘முதல் வகை, இரண்டாம் வகை’ என்று வந்தால் அங்கே ஒரு தப்போ திருத்தமோ இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலான விற்பனையாளர்கள் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை. ஒரே விலைப் பெட்டியில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும்.

ஆன்லைனில் வாங்கினால், படத்தில் தப்பு இருக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்த மூலையை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘மாதிரிப் படம்’ என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் கைக்கு வருவது திருத்திய பதிப்பாக இருக்கலாம். நிறம் விட்டுப்போன ஸ்டாம்பை ‘டிசைன் எரர்’ என்று விற்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அது நிஜமாக இருந்தாலும் அச்சுப் பிழை, வெயிலிலோ ரசாயனத்திலோ வெளுத்ததாகவும் இருக்கலாம். ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது, கொஞ்சம் விலகியிருப்பதையும் ‘எரர்’ என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் திங்கட்கிழமை வேலை.

உறையில் ஒட்டிய பழைய ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். ஆனால் சுதந்திர தேவி மாதிரி ஸ்டிக்கர் ஸ்டாம்புகளை ஊறவைக்காதீர்கள். பசை விடாமல் தாள் கிழியும். சுற்றிலும் கொஞ்சம் உறைத்தாளை விட்டு வெட்டி அப்படியே வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பசையுள்ள புதிய ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் வரும். ஆல்பத்தை நிமிர்த்தி வைத்து, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி திறந்து பாருங்கள்.

ஆல்பத்தில் தப்பை மட்டும் தனியாக ஒட்டினால் பார்க்கிறவருக்குப் புரியாது. திருத்திய ஸ்டாம்ப் இருந்தால் பக்கத்திலேயே வையுங்கள். கீழே இரண்டு வரி போதும்: எது தப்பு, எந்த ஆண்டு திருத்தினார்கள். திருத்தாமல் விட்டது என்றால் அசல் இடத்தின் படத்தை ஓரமாக ஒட்டலாம்.

முதலில் வாங்குவதற்கு என் வரிசை இது: போதிசத்துவர் ஜோடி, இலங்கை 35 சதம் இரண்டு வகை, ஷாகிஸ்தான் மூன்று, ஷூமான் நான்கு. இதுவே இரண்டு பக்கம் நிறைந்துவிடும். அடுத்து ஃபிஜி 1938-ன் ஒன்றரைப் பென்னி. அதில் பாய் விரித்த படகு ஆளே இல்லாமல் போகும். பிறகு வந்ததில் ஓர் ஆளை ஏற்றிவிட்டார்கள். ஆளில்லாத படகு புதிதாக வேண்டுமென்றால் கொஞ்சம் விலை சொல்வார்கள், முத்திரை விழுந்ததைக் கேளுங்கள். படகின் நடுவில் மை விழாமல் இருந்தால் போதும்.